புது மீனுக்கு முதலில் தனித் தொட்டி

வீட்டு மீன்தொட்டியில் புதிய மீனை எவ்வாறு விட வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலோர் கூறும் விடை ஒன்றுதான். கடையிலிருந்து கொண்டுவந்த பையை வாய் கட்டியபடியே தொட்டி நீரில் கால் மணி நேரம் மிதக்கவிட வேண்டும். பிறகு அவிழ்த்து மீனை விட்டுவிடலாம் என்பர். இதில் தவறு ஒன்றுமில்லை. மீனைப் புகவிடும் காரியம் இத்துடன் முடிந்தது என்று எண்ணுவதே தவறு.

பையை மிதக்கவிடுவது வெப்பநிலையைச் சமப்படுத்துவதற்காக ஏற்பட்ட வழக்கம். குளிர் நாடுகளில் இது மிகவும் அவசியமானது. அங்கே பனிக்காலத்தில் தெருவைக் கடந்து வரும் பையின் நீருக்கும், மின்சாரத்தால் வெப்பமூட்டப்பட்ட தொட்டியின் நீருக்கும் பத்து டிகிரிக்கு மேல் வேற்றுமை இருக்கக்கூடும். திருவனந்தபுரத்தின் நிலை வேறு. ஆண்டு முழுவதும் இங்கே வெப்பநிலை அதிகமாக ஏறி இறங்குவதில்லை. கடைத் தொட்டியின் நீரும் வீட்டுத் தொட்டியின் நீரும் ஓரிரு டிகிரிக்குள்ளேயே வேறுபடுகின்றன. ஆகவே நாம் கருத்தூன்றிச் செய்து வரும் ஒரே காரியம், நம் ஊரில் மிகக் குறைந்த அபாயத்துக்கு எதிரான காப்பாகவே முடிகிறது. பெரிய அபாயங்கள் வேறு இரண்டு. ஒன்று நீரின் இரசாயனத் தன்மை, மற்றொன்று நோய். முன்னதற்குச் சில மணி நேரக் கவனம் போதும். பின்னதற்கு நான்கு வாரங்கள் வேண்டும். அந்த நான்கு வாரங்களை எவரும் கொடுப்பதில்லை என்பதே இக்கட்டுரையின் குறை.

முதலில் நீரைப் பார்ப்போம். நகரில் குழாய் வழியே வரும் நீர் பெரும்பாலும் கரமனை ஆற்றின் அருவிக்கரை நீர்த்தேக்கத்திலிருந்து எடுத்துச் சுத்திகரிக்கப்பட்டது. அது மென்மையான நீர், குளோரின் கலந்தது. குளோரின் மீனின் செவுள்களை எரித்துவிடும் என்பதைப் பலரும் அறிவர். ஒரு நாள் முழுவதும் திறந்த பாத்திரத்தில் காற்றூட்டி வைத்தால் அது பெரும்பாலும் அகன்றுவிடும். அவசரமாயின், புகைப்படக்காரர்கள் ஹைப்போ என்று வழங்கும் சோடியம் தயோசல்பேட்டைச் சிறிதளவு சேர்ப்பதுண்டு. கிணற்று நீரில் குளோரின் இல்லை. ஆகவே அது குற்றமற்றது என்று நினைப்பவர் பலர். நம் வட்டாரத்தின் செம்பாறை மண்ணில் தோண்டிய கிணறுகளின் நீர் பெரும்பாலும் அமிலத்தன்மை உடையது. அதில் கரியமிலவாயு மிகுதியாகக் கரைந்திருப்பது இதற்கு ஒரு முக்கிய காரணம். இறைத்த உடனே ஒரு முறையும், ஒரு நாள் காற்றூட்டிய பிறகு மறு முறையும் அமிலக்கார அளவைத் தாளினால் சோதித்துப் பார்த்தால், பல கிணறுகளில் இரண்டு எண்களும் வேறுபடும். வகுப்பறையில் செய்து காட்டத் தக்க மலிவான பரிசோதனை இது. ஆசிரியர்கள் இதனைத் தவறவிட வேண்டாம். இத்தகைய கிணற்று நீர் நிறைந்த தொட்டிக்குள், வேறு ஊரின் கடினமான நீரில் வளர்ந்த மீனை ஒரே கணத்தில் இறக்கினால், அதன் உடலிலுள்ள உப்புச் சமநிலை குலைகிறது. மீன் அன்றே சாவதில்லை. மூன்றாம் நாள் சாகிறது. அப்போது கடைக்காரர்மீது பழி விழுகிறது.

பையின் உள்ளே நடப்பதும் அறியத் தக்கது. சென்னை கொளத்தூர் போன்ற இடங்களிலிருந்து பல மணி நேரம் பயணம் செய்து வரும் மீன்கள், பிராணவாயு நிரப்பி இறுகக் கட்டிய பைகளில் வருகின்றன. மீன் மூச்சுவிடுவதால் பையில் கரியமிலவாயு சேர்ந்து நீர் அமிலமாகிறது. மீனின் கழிவான அம்மோனியாவும் சேருகிறது. எனினும் அமில நீரில் அம்மோனியாவின் பெரும்பகுதி நச்சற்ற அம்மோனியம் என்னும் வடிவில் அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் கரியமிலவாயு வெளியேறுகிறது, அமிலத்தன்மை குறைகிறது, அடங்கியிருந்த அம்மோனியா நச்சு வடிவம் பெறுகிறது. அமிலக்கார எண் 7-லிருந்து 8-க்கு உயர்ந்தால், நச்சு வடிவிலுள்ள பகுதி ஏறத்தாழ பத்து மடங்காகிறது. ஆகவே நெடுந்தூரம் வந்த பையைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் துளித்துளியாகத் தொட்டி நீரைச் சேர்ப்பது, கருணையின் பெயரால் மீனை நஞ்சில் நிறுத்தி வைப்பதாகும். அத்தகைய மீனை விரைவில் வலையால் எடுத்து, அம்மோனியா இல்லாத நல்ல நீருக்கு மாற்றுவதே நலம். அந்த நீரின் தன்மை மீன் வந்த ஊர் நீரை ஒத்திருக்கும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். பக்கத்துத் தெருக் கடையிலிருந்து அரை மணி நேரத்தில் வந்த மீனுக்கு இக்கவலை இல்லை. அதற்கு, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு குவளை நீராகச் சேர்த்து நிதானமாகப் பழக்கலாம். இரண்டுக்கும் பொதுவான விதி ஒன்று: பையின் நீர் ஒரு துளியும் தொட்டிக்குள் விழக்கூடாது.

ஏன் விழக்கூடாது என்பதே நம்மை நோய்க்குக் கொண்டுவருகிறது. வெண்புள்ளி நோயை அறியாத மீன் வளர்ப்பவர் இல்லை. மீனின் உடலில் உப்புத் தூவியது போல் புள்ளிகள் தோன்றும்; சில நாட்களில் தொட்டி முழுவதும் காலியாகும். இதற்குக் காரணமான இக்தியோப்திரியஸ் என்னும் ஓரணு உயிர், மீன் தோலின் மேலணுக்களுக்கு அடியில் புகுந்து வளர்கிறது. முதிர்ந்ததும் மீனை விட்டு விழுந்து, தொட்டியின் அடியிலோ செடியின் இலையிலோ உறை சுற்றிக்கொள்கிறது. உறைக்குள்ளே பிளவுபட்டுப் பிளவுபட்டு, சில நூறு முதல் ஆயிரம் வரை குஞ்சுகளாகப் பெருகி வெளிப்படுகிறது. இக்குஞ்சுகள் இரண்டொரு நாட்களுக்குள் ஒரு மீனைக் கண்டுபிடித்தாக வேண்டும், இல்லையேல் அழியும். நான்கு சுவருக்குள் அடைபட்ட தொட்டியில் மீனைக் கண்டுபிடிப்பது அவற்றுக்குக் கடினமன்று. ஆற்றிலே ஒரு குஞ்சு மீனைச் சேர்வது அரிது. தொட்டியிலே சேராமலிருப்பது அரிது. தொட்டி நோயின் கொடுமை முழுவதும் இந்த வேற்றுமையில் அடங்கியிருக்கிறது.

இதில் நமக்கு அனுகூலமான செய்தி ஒன்று உண்டு. குளிர்ந்த நீரில் இவ்வுயிரின் வாழ்க்கைச் சுற்று ஒரு மாதத்துக்கு மேலும் நீளும். 25 டிகிரி சென்டிகிரேடு அளவில் அது ஏறத்தாழ ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஆகவே நம் ஊரில் புது மீனை நான்கு வாரங்கள் தனியே வைத்தால், நோய் இருப்பின் மூன்று நான்கு சுற்றுக்குள் அது தன்னைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க வழியில்லை. முதற் சுற்றில் இவ்வுயிர்கள் செவுளில் மட்டும் இருந்து கண்ணுக்குத் தப்பலாம். இரண்டாவது, மூன்றாவது சுற்றில் தப்புவது அரிது. நங்கூரப் புழு, மீன் பேன் போன்றவையும் இக்காலத்துக்குள் கண்ணுக்குப் புலப்படும். எல்லா நோயும் இவ்வாறு வெளிப்படும் என்று சொல்வதற்கில்லை. மீனின் காசநோய் மாதக்கணக்கில் மறைந்திருக்கும். மைகோபாக்டீரியம் மாரினம் என்னும் அந்தக் கிருமி மனிதரின் விரலிலும் கையிலும் எளிதில் ஆறாத புண்ணை உண்டாக்க வல்லது. கையில் வெட்டுக்காயம் உள்ள மாணவனைத் தொட்டியைச் சுத்தம் செய்யச் சொல்லாதிருப்பது ஆசிரியரின் கடமை.

தொற்று உள்ளவரைச் சில நாட்கள் ஒதுக்கி வைத்துப் பார்க்கும் முறை தமிழருக்குப் புதிதன்று. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் தொழிலாளரை மண்டபம் முகாமில் தடுத்து நிறுத்தி, தொற்று நோய் இல்லையென்று கண்ட பின்பே கப்பலேற்றினர். 1947-இல் நிறுவப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம், 1971-இல் கொச்சிக்கு மாற்றப்படும் வரை, அதே மண்டபம் முகாமில் பல்லாண்டுகள் இருந்தது ஒரு விநோதம். மனிதரை ஒதுக்கி வைத்ததில் இருந்த அவமதிப்பை நினைவுகூர்வோர் இன்றும் உண்டு. மீனை ஒதுக்குவதில் அவமதிப்பு ஏதுமில்லை; ஆயினும் அதைச் செய்வோர்தான் குறைவு.

காரணம் செலவு என்பர். இதை ஏற்பதற்கில்லை. ஒதுக்கத் தொட்டி கண்ணாடியாலானதாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. வீட்டில் நீர் பிடித்து வைக்கும் 40, 50 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி போதும். மீன் துள்ளி வெளியே விழாதபடி மேலே ஒரு வலை. ஒளிந்துகொள்ள உடைந்த மண்சட்டி ஒன்று. காற்றூட்டும் சிறு கருவி ஒன்று. ஒரு கடற்பஞ்சு வடிகட்டி. அடியில் மணல் பரப்ப வேண்டாம்; மணலில் உறைகள் ஒளியும். தனி வலை, தனிக் குழாய், தனி வாளி ஆகியவற்றை மட்டும் கண்டிப்பாக ஒதுக்க வேண்டும். ஈர வலை ஒன்றே நோயை ஒரு தொட்டியிலிருந்து மறு தொட்டிக்குக் கடத்தப் போதுமானது. இரண்டு தொட்டிகளையும் கவனிப்பவர் ஒருவரே ஆனால், பழைய தொட்டியை முதலிலும் ஒதுக்கத் தொட்டியைப் பின்னரும் கவனிக்கட்டும்.

இங்கே பலர் தவறும் இடம் ஒன்றுண்டு. புதிதாக நீர் நிரப்பிய தொட்டியில் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாக்கள் இல்லை. அவை தாமாகத் தோன்றிப் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். ஒதுக்கத் தொட்டியில் விட்ட மீன் நோயினால் அன்றித் தன் கழிவினாலேயே சாகலாம். ஆதலின் மீன் வாங்குவதற்கு ஒரு மாதம் முன்பே, கடற்பஞ்சு வடிகட்டி ஒன்றைப் பழைய தொட்டியில் இயக்கி வைத்து, பாக்டீரியாக்கள் குடியேறிய பின்னர் ஒதுக்கத் தொட்டிக்கு மாற்ற வேண்டும். அதன்றி நாள்தோறும் நாலில் ஒரு பங்கு நீரை மாற்ற வேண்டும். உணவைக் குறைவாக இட வேண்டும். காலம் முடிந்ததும் அந்தப் பஞ்சைப் பழைய தொட்டிக்குத் திருப்பாமல், வெயிலில் நன்றாக உலர்த்திவிட வேண்டும். நீர்ச்செடிகளுக்கும் இதுவே விதி. மீனில்லாத தனிப் பாத்திரத்தில் செடியை இரண்டு வாரம் வைத்தால், அதில் ஒட்டி வந்த வெண்புள்ளிக் குஞ்சுகள் பற்றுவதற்கு மீனின்றி மடியும்.

மருந்தைப் பற்றியும் கருத்துக் கூறாமல் இருக்க முடியவில்லை. மீன் வந்ததும் வராததுமாக மாலகைட் கிரீன், பெர்மாங்கனேட், டெட்ராசைக்ளின் குளிகை என்று கைக்கு அகப்பட்டதைக் கொட்டும் வழக்கம் பெருகியிருக்கிறது. நோய் காணாத மீனுக்கு மருந்து தேவையில்லை. நோய் கண்ட மீனுக்கும், எந்த நோய் என்று அறிந்த பின்பே மருந்து. தோலுக்கு அடியிலிருக்கும் வெண்புள்ளி உயிரை நீரில் கலந்த மருந்து எட்டுவதே இல்லை. வெளியே நீந்தும் குஞ்சுகளையே அது கொல்லும். இதை அறியாதவர் இரண்டு நாள் மருந்திட்டுப் புள்ளி மறைந்தது கண்டு மகிழ்ந்து நிறுத்திவிடுகிறார். புள்ளி மறைந்தது உயிர் முதிர்ந்து விழுந்ததனால்தான். குளிகையைக் கண்டபடி இடுவதால், மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்த்து நம் சாக்கடைக்கு அனுப்புகிறோம். நான்கு வாரப் பொறுமை இவை எல்லாவற்றிலும் மலிவு.

கடைக்காரர்களே இக்காலம் முழுவதும் மீனை ஒதுக்கி வைத்து விற்றால் என்ன என்று கேட்கலாம். நாள்தோறும் புதுச் சரக்கு வந்து இறங்கும் சிறு வியாபாரியிடம் ஒரு மாதம் முதலை முடக்கச் சொல்வது நடவாத காரியம். நல்ல கடையை அறிய ஒரு வழி உண்டு. ஒரு தொட்டியில் செத்த மீன் ஒன்று கிடந்தால், அதனோடு நீர்க் குழாயால் இணைந்த எந்தத் தொட்டியிலிருந்தும் அன்று மீன் வாங்கலாகாது. அதைத் தாமே சொல்லி விற்க மறுக்கும் கடைக்காரர் கிடைத்தால், அவரை விடாதீர்கள்.

ஒரு வீட்டுத் தொட்டியின் மீன் செத்தால் நாட்டுக்கு என்ன நட்டம் என்று வினவுவோர் இருக்கலாம். 2003-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மர்ரே காட் என்னும் அந்நாட்டு ஆற்று மீனின் குஞ்சுகள் ஒரு பண்ணையில் பெருவாரியாக மடிந்தன. காரணமான வைரஸை ஆராய்ந்தபோது, ஆசிய நாடுகளிலிருந்து இறக்குமதியாகும் குள்ள கௌராமி என்னும் அலங்கார மீனிடம் காணப்படும் வைரஸை அது ஏறக்குறைய முழுதும் ஒத்திருந்தது. இக்கௌராமி நம் கங்கை, பிரம்மபுத்திரா வெளிகளைச் சேர்ந்த மீன் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். மீன் போன வழியே நோயும் போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. கேரளமும் புது நோயின் விலையை அறியாததன்று. அபனோமைசெஸ் இன்வடான்ஸ் என்னும் பூஞ்சை போன்ற உயிரால் வரும் கொள்ளைப் புண்நோய், 1988-இல் இந்தியாவுக்குள் தோன்றி, 1991-இல் கேரளத்தை அடைந்து, வேம்பநாட்டுக் காயலிலும் குட்டநாட்டு நீர்நிலைகளிலும் விரால் முதலிய மீன்களை அழுகச் செய்தது. மக்கள் மீன் வாங்கவே அஞ்சினர். அந்நோயை மீன்தொட்டிகள் கொண்டுவந்தன என்று நாம் கூறவில்லை. நீரில் இறங்கிவிட்ட நோயைத் திரும்பப் பெற முடியாது என்பதற்காகவே அதைச் சொல்லுகிறோம்.

மீனையும் திரும்பப் பெற முடியாது. திருவனந்தபுரத்தில் தம்பானூர் வழியே ஓடி ஆக்குளம் காயலை நாடும் ஆமயிழஞ்சான் தோட்டில், தென் அமெரிக்கக் கவச மீனான சக்கர் மீன் குடியேறிப் பெருகியிருப்பதை ஆராய்ச்சியாளர்கள் 2015-இல் வெளியிட்டனர். இது தொட்டிச் சுவரின் பாசியைத் தின்னும் துப்புரவு மீன் என்று விரல் நீளத்தில் விற்கப்படுவது. முழு வளர்ச்சியில் ஒரு முழ நீளத்தை நெருங்குகிறது. தொட்டி கொள்ளாதபோது, உயிரைக் கொல்ல மனமில்லாத நல்லவர்கள் அதைத் தோட்டில் விடுகின்றனர். பிராணவாயு அற்ற சாக்கடை நீரிலும் அது மேலே வந்து காற்றை விழுங்கி உயிர் வாழும். கரையில் வளை தோண்டி முட்டையிடும். அதன் கவசத்தால் வலைகள் கிழியும். 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு வெள்ளத்துக்குப் பின் கேரள ஆறுகளில் அரபைமா, முதலைவாய் மீன் ஆகிய பெரு மீன்கள் பிடிபட்டன. 2020-இல் கோழிக்கோடு மாவட்டத்து ஆவளப்பாண்டித் தோட்டில் இளஞ்சிவப்பு மலர்க் கம்பளத்தைக் காணக் கூட்டம் கூடியது. அதுவும் தொட்டிகளில் வளர்க்கப்படும் கபோம்பா என்னும் அயல்நாட்டு நீர்ச்செடியே. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

களப்பணியாளருக்கு இங்கே ஒரு சொல். கொசுப் புழுவை அழிக்கக் கப்பி மீனையும், 1928-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கம்பூசியாவையும் கிணறு, குளங்களில் விடும் பணி உங்களுடையது. குஞ்சுப் பண்ணையிலிருந்து வரும் மீனைச் சில வாரம் தனியே வைத்துப் பார்த்து விடுவது, ஒரு பண்ணையின் நோய் நூறு கிணறுகளுக்குப் பரவாமல் காக்கும். அவற்றை மூடிய கிணறு, தொட்டிகளோடு நிறுத்தி, ஓடும் நீரில் விடாதிருத்தல் வேண்டும் என்பது நம் கருத்து. வயல் வாய்க்கால்களில் மானத்துக்கண்ணி என்று மலையாளத்தில் அழைக்கப்படும் உள்ளூர் மீன் ஏற்கெனவே இருக்கிறது. தலைமீது வெள்ளிப் பொட்டு மின்ன, நீரின் மேல்மட்டத்திலேயே நீந்திக் கொசுப் புழுவைத் தின்பது அதன் இயல்பு. பள்ளித் தொட்டிக்கும் இதைவிடச் சிறந்த மீனைத் தேட வேண்டுவதில்லை. ஆனால் வாய்க்காலில் பிடித்ததாயினும் நான்கு வார ஒதுக்கம் அதற்கும் உண்டு.

ஒதுக்கத் தொட்டியிலிருந்து எடுக்கும் நீரைக் கிணற்றருகிலோ தோட்டிலோ ஊற்றலாகாது. சிறிது பிளீச்சிங் பவுடர் கலந்து சில மணி நேரம் வைத்து, நீர்நிலைக்கு எட்டாத வெற்று நிலத்தில் ஊற்ற வேண்டும். செத்த மீனைப் புதைக்க வேண்டும். பெரிதாகிவிட்ட மீனைக் கடைக்குத் திருப்பலாம், அல்லது மற்றொரு வளர்ப்பவருக்குக் கொடுக்கலாம்.

பள்ளித் தொட்டிகளுக்குத் தனியாக ஒரு தொல்லை உண்டு. மார்ச் மாதக் கடைசியில் தேர்வுகள் முடிகின்றன; ஏப்ரல், மே இரண்டு மாதமும் பள்ளி பூட்டிக் கிடக்கும். அவ்வேளையில் மீன்களை ‘விடுதலை செய்கிறோம்’ என்று மாணவர்கள் பக்கத்துக் குளத்தில் விட்டு வருவது வழக்கமாகிவிட்டது. ஆகவே புது மீனை ஜூன், ஜூலையில் வாங்கி ஒதுக்கி வைப்பதே பொருத்தம். மழைக்காலத்தில் மாணவர் நாள்தோறும் புள்ளி தேடிப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுத ஒரு வேலையும் கிடைக்கும். ஜனவரிக்குப் பிறகு பள்ளிக்கு மீன் வாங்க வேண்டாம். விடுமுறையில் தொட்டியை யார் வீட்டில் வைப்பது என்பதை, மீன் வாங்கும் நாளிலேயே தலைமையாசிரியரோடு கலந்து பெயர் எழுதி வைத்துக்கொள்ளலாம்.